வண்டி நிற்கும்போது ஏறும் வெப்பம்: கோடையில் மாடு ஏற்றிச் செல்வது பற்றி

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைக்குப் புதன்கிழமையே மாடுகள் வந்து இறங்கத் தொடங்கிவிடும். வியாழக்கிழமை விடிவதற்குள் வியாபாரம் சூடுபிடித்துவிடும். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசி, பணம் எண்ணிக் கொடுத்து, கயிறு கைமாறும்போது பலருக்கு மணி ஏழுகூட ஆகியிருக்காது. அந்த நேரத்திலேயே மாட்டை வண்டியில் ஏற்றிப் புறப்பட்டால் அக்னி நட்சத்திர வெயில்கூடப் பெரிய ஆபத்தில்லை. ஆனால் புறப்படுவதில்லை. வாடகையைப் பங்கிட்டுக்கொள்ள இன்னொருவர் மாடு வாங்கி முடிக்க வேண்டும். ரசீது போட வேண்டும். ஓட்டுநர் டிபன் சாப்பிட வேண்டும். இத்தனையும் முடியும்வரை மாடு வண்டியிலேயே நிற்கிறது. பத்து மணி ஆகிறது, பத்தரை ஆகிறது.

அப்படி நிற்கும் ஒரு குட்டியானையின் (சிறிய சரக்கு வண்டியின்) அருகில் போய் மாட்டின் விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள பள்ளத்தைக் கவனியுங்கள். அது ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்தால் ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். நிழலில் அமைதியாக அசைபோடும் பசு நிமிடத்துக்கு இருபது முப்பது முறை மூச்சுவிடும். அறுபதைத் தாண்டினால் அது வெப்பத்தோடு போராடத் தொடங்கிவிட்டது என்று பொருள். நூறை நெருங்கி, வாயும் திறந்து, கீழுதட்டிலிருந்து எச்சில் கம்பியாக இறங்கினால் அந்த மாடு பயணத்துக்குத் தகுதியில்லாத மாடு. வண்டி இன்னும் ஓர் அடிகூட நகர்ந்திருக்காது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இந்தக் காட்சியைப் பற்றித்தான். கோடையில் மாடு ஏற்றுவது என்றாலே தூரத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம். நூறு கிலோமீட்டர் தாங்குமா, நூற்றைம்பது தாங்குமா என்று கேட்கிறோம். ஓடும் வண்டியில் காற்றாவது அடிக்கும். சந்தை வாசலிலும், ரயில்வே கேட்டிலும், சோதனைச் சாவடியிலும், சாப்பாட்டுக் கடை முன்பும் நிற்கும் வண்டியில்தான் மாட்டின் உடலில் வெப்பம் தேங்குகிறது.

ஏன் தேங்குகிறது என்பதற்கு மாட்டின் வயிற்றிலிருந்து தொடங்க வேண்டும். வளர்ந்த பசுவின் முதல் வயிறு நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும் ஒரு நொதிகலம். வைக்கோலும் சோளத்தட்டும் தவிடும் அங்கே நுண்ணுயிர்களால் நொதித்துச் செரிக்கும்போது இடைவிடாமல் சூடு பிறக்கிறது. அதோடு பால் சுரப்பதற்கான உழைப்பும் சேரும். ஒரு பெரிய கறவை மாடு சும்மா நிற்கும்போதே சுமார் ஒரு கிலோவாட், அதாவது வீட்டு இஸ்திரிப்பெட்டி ஒன்று வெளியிடும் அளவு வெப்பத்தை வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. தகரப் பக்கங்களும் தார்ப்பாய்க் கூரையும் கொண்ட வண்டிக்குள் இரண்டு மாடுகளை ஒட்டி நிறுத்தினால், இரண்டு இஸ்திரிப்பெட்டிகளை ஒரு பெட்டிக்குள் போட்டு மூடியதைப் போலத்தான்.

மனிதனைப் போல மாட்டுக்கு வியர்க்காது. வியர்வைச் சுரப்பிகள் இருந்தாலும் அவை தரும் ஈரம் மிகக் குறைவு. மிச்ச வெப்பத்தை மூச்சின் வழியாகத்தான் அது இறக்கியாக வேண்டும். மூச்சிரைப்பதும் தசையின் வேலைதான், அதிலும் சூடு பிறக்கிறது. ஓர் எல்லைக்கு மேல் போய்விட்டால், குளிர்வதற்காக வாங்கும் மூச்சே உடலைச் சூடாக்கத் தொடங்கிவிடும்.

எல்லா மாடும் இதில் ஒன்றல்ல. காங்கயம், உம்பளச்சேரி, பர்கூர் போன்ற நம் நாட்டு மாடுகளுக்குத் தொங்கும் அலைதாடி, குட்டையான மெல்லிய ரோமம், செயல்திறன் கூடிய வியர்வைச் சுரப்பிகள் எல்லாம் உண்டு. உடலுக்குள் பிறக்கும் வெப்பமும் குறைவு. சந்தையில் இன்று அதிகம் கைமாறும் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எந்த அளவு வெளிநாட்டு ரத்தம் கூடுகிறதோ அந்த அளவு தாங்குதிறன் குறைகிறது. அசல் ஹோல்ஸ்டீன் பசு 25, 26 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே சிரமப்படத் தொடங்கும். எருமையின் நிலை இன்னும் மோசம். கறுத்த தோல் வெயிலை உறிஞ்சும், ரோமம் அடர்த்தியில்லை, வியர்வைச் சுரப்பிகளும் மாட்டைவிட மிகக் குறைவு. குட்டையில் இறங்கிக் கிடந்து பழகிய உயிரை மொட்டை வெயிலில் திறந்த லாரியில் நிறுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

வெப்பமானியைப் பார்த்து மட்டும் முடிவு செய்வதும் தவறு. மூச்சு வழியே ஈரம் ஆவியாகித்தான் மாடு குளிர வேண்டும், ஏற்கெனவே ஈரமாக இருக்கும் காற்றில் அது எளிதில் ஆவியாகாது. அதனால் கால்நடை அறிவியலில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப ஈரப்பதக் குறியீட்டைப் பயன்படுத்துகிறார்கள். அது 72ஐத் தாண்டினால் கறவை மாட்டுக்கு வெப்ப அயர்ச்சி தொடங்குகிறது. 79க்கு மேல் ஆபத்து, 84ஐத் தொட்டால் அவசரநிலை. 38 டிகிரி வெயிலும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள ஈரோட்டு நண்பகலுக்கு இந்தக் குறியீடு 84 வருகிறது. 31 டிகிரி மட்டுமே காட்டி, 80 சதவீத ஈரப்பதத்தோடு புழுங்கும் ஒரு கடலோர ஊரின் காலைக்கும் ஏறத்தாழ அதே 84தான். கடலூர், நாகப்பட்டினம் பக்கத்தவர்கள் 'இன்று வெயில் அவ்வளவு இல்லையே' என்று மாட்டை ஏற்றுவதிலுள்ள ஆபத்து இதுதான். அதே ஈரோட்டில் விடியற்காலை 26 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது குறியீடு சுமார் 76. கோடையில் அதைவிட நல்ல நேரம் கிடைப்பது அரிது.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'வெயில் தாழ ஏற்றலாம்' என்று சொல்லி மாலை ஐந்து மணிக்கு ஏற்றுகிறார்கள். காற்று தணிந்திருக்கலாம், மாடு தணிந்திருக்காது. பகல் முழுவதும் உடலில் சேர்ந்த சூடு, வெயில் உச்சத்தைத் தொட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் மாட்டின் உடலில் உச்சத்தைத் தொடும். அந்தச் சூட்டை இறக்க அதற்கு இரவின் பல மணி நேரம் வேண்டும். ஆகவே இரவு பத்து மணிக்குப் பிறகு புறப்பட்டு விடிவதற்குள் சேர்வது நல்லது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குப் புறப்பட்டு எட்டு மணிக்குள் இறக்கிவிடுவது அதைவிட நல்லது.

இது புதிய ஞானமும் அல்ல. பார வண்டி ஓட்டியவர்கள் கோடையில் இரவில்தான் வண்டி பூட்டினார்கள். அடியில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டு விடிய விடிய ஓட்டி, வெயில் ஏறியதும் தோப்பிலோ சாவடியிலோ அவிழ்த்துவிட்டார்கள். வழிநெடுகத் தண்ணீர்த் தொட்டியும், மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ளக் கல்லும் இருந்தன. முப்பத்திரண்டு அறங்களில் அந்தக் கல்லை, அதாவது ஆவுரிஞ்சுதறியை, நடுவதும் ஒன்று. ஈரோட்டிலிருந்து பெருந்துறை, அவிநாசி, கோவை, வாளையாறு வழியாகப் பாலக்காட்டுக்குப் போகும் நெடுஞ்சாலையில் இன்று மாடு ஏற்றிய வண்டிகள் ஏராளமாக ஓடுகின்றன. அவற்றை நிழலில் நிறுத்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்ட முறையான ஓர் இடம் வேண்டும் என்று நாம் கேட்டதுகூட இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடலாம். விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978ஆம் ஆண்டு விதிகளின்படி, பயணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை மருத்துவர் தந்த சான்று வேண்டும். ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. ஒரு மாட்டுக்கு இரண்டு சதுர மீட்டர் இடம் வேண்டும். தளத்தில் வழுக்காத விரிப்பு, துணைக்கு ஓர் ஆள், வழிக்குத் தண்ணீரும் தீவனமும், போதிய காற்றோட்டம் வேண்டும். வேறு சரக்கை உடன் ஏற்றக் கூடாது. மாடுகள் முடிந்தவரை என்ஜின் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். 2016 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தமும் அந்த இரண்டு சதுர மீட்டரை உறுதிசெய்து, நிலையான தடுப்புகளும் வேண்டும் என்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சதுர மீட்டர் என்பது இருபத்தோரு சதுர அடிக்குச் சற்று மேல். குட்டியானையின் தளம் ஏழடிக்கு ஐந்தடி, அதாவது முப்பத்தைந்து சதுர அடி. ஒரு பசுவும் அதன் கன்றும் நிற்கத்தான் சட்டப்படி இடமிருக்கிறது. இரண்டு பசுக்களை ஏற்றும்போதே விதி மீறப்படுகிறது, நாமோ மூன்றாவதைத் திணிக்கிறோம். நெருக்கி நிறுத்தினால் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு விழாமல் வரும் என்பது சந்தைப் பேச்சு. அப்படி நிற்கும் மாடுகளுக்கு நடுவே காற்று புகாது. கால் தளர்ந்து ஒன்று விழுந்துவிட்டால் எழ இடமிருக்காது, மற்றவற்றின் குளம்புகள் அதன்மேல்தான் விழும். விழுந்த மாட்டை எழுப்ப வாலை முறுக்குவதும் கண்ணில் மிளகாய் வைப்பதும் இன்றும் நடக்கும் கொடுமை. அந்த மாடு அடம்பிடித்துப் படுத்துக்கொள்ளவில்லை, நிற்கத் தெம்பில்லாமல் விழுந்திருக்கிறது. வெப்பத்தில் துவண்டதை மேலும் துடிக்கவைத்தால் மிச்சமிருக்கும் கொஞ்ச உயிரும் போய்விடும்.

சட்டத்தில் எனக்கு ஆறாத குறை ஒன்று உண்டு. மாடுகளை நடத்தி ஓட்டிச் செல்வதற்கு 2001இல் தனி விதிகள் வந்தன. ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டருக்கு மேல், எட்டு மணி நேரத்துக்கு மேல் பசுவை நடத்தக் கூடாது, வெப்பநிலை 12 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் நடுவே இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. நடக்கும் மாட்டுக்கு 30 டிகிரி என்று எல்லை வகுத்த நாம், நகர முடியாமல் தகரத்துக்குள் நிற்கும் மாட்டுக்கு அப்படி ஓர் எண்ணை வகுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு விதிகள் நீண்ட பயணங்களில் வண்டிக்கு உள்ளே இருக்கும் வெப்பத்தையே 30 டிகிரிக்குள், மிஞ்சினால் ஐந்து டிகிரி கூடுதலுக்குள் வைக்கச் சொல்கின்றன. நம் ஊர் மே மாதத்தில் அதை அப்படியே கடைப்பிடிக்க முடியாதுதான். பகல் பதினொன்று முதல் நான்கு வரை ஏற்றக் கூடாது என்றாவது சொல்லலாமே? விலங்கு வதைத் தடைச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கான அதிகபட்ச அபராதம் இன்னும் 1960இல் எழுதிய ஐம்பது ரூபாய். ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைகூட இல்லை.

சரி, ஏற்றத்தான் வேண்டும் என்றால் எப்படி ஏற்றுவது?

முந்தைய இரவே தொடங்குங்கள். புறப்படும் முன் வயிறு நிறையத் தவிடும் புண்ணாக்கும் வைப்பதைப் பாசம் என்று நினைக்கிறோம். அது செரிக்கும் சூடு நான்கைந்து மணி நேரம் கழித்து, அதாவது நடுவழியில் உச்சத்துக்கு வரும். அடர்தீவனத்தை நிறுத்திவிட்டு வைக்கோலோ சோளத்தட்டோ அளவாகக் கொடுங்கள். தண்ணீரை மட்டும் அளக்காதீர்கள். கோடையில் கறவைப் பசு ஒரு நாளைக்கு எண்பது, நூறு லிட்டர்கூடக் குடிக்கும். ஏற்றும் முன் இரண்டு முறை தண்ணீர் காட்டினால், அது உடலுக்குள்ளேயே ஒரு குளிர்ந்த சுமையாக இருந்து பயணத்துக்கு உதவும்.

பாலைக் கறந்துவிட்டு ஏற்றுங்கள். மடி பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சந்தைக்கு வரும் முன் ஒன்றிரண்டு வேளை கறக்காமல் கொண்டுவரும் வழக்கம் இருக்கிறது. விலை முடிந்த பிறகும் 'வீட்டுக்குப் போய்க் கறந்துகொள்வோம்' என்று ஏற்றிவிடுகிறார்கள். பால் கட்டிய மடி வலிக்கும். பின்னங்கால்களை அகட்டி நிற்க வேண்டியிருப்பதால் வண்டி குலுங்கும்போது பிடிமானம் கிடைக்காது. ஊர் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் மடிநோய் வந்தால், ஏமாற்றிவிட்டார்கள் என்று தரகரைத் திட்டுவோம். பாதிப் பழி நம்முடையது.

நிறைசினை மாட்டைக் கோடையில் ஏற்றவே வேண்டாம். கன்று ஈன்று சில நாள்களே ஆனதும் அப்படித்தான்.

வண்டியின் தளத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெயிலில் நின்ற இரும்புத் தகட்டில் உங்கள் உள்ளங்கை ஐந்து விநாடி தாங்காவிட்டால் படுத்துவிட்ட மாட்டின் மடி எப்படித் தாங்கும்? முதலில் தண்ணீர் ஊற்றித் தளத்தைக் குளிரவிட்டு, நாலு விரல் கனத்துக்கு மணல் பரப்பி, மேலே வைக்கோல் போடுங்கள். மணல் மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும், வழுக்காது, ஈரத்தையும் பிடித்துவைக்கும். வெறும் தகட்டில் சாணமும் மூத்திரமும் கலந்தால் முதல் பிரேக்கிலேயே மாடு சறுக்கிவிடும்.

கூரைக்கு நீலத் தார்ப்பாயை மாட்டின் முதுகை ஒட்டிக் கட்டுவது வழக்கமாகிவிட்டது. நிழல்தானே என்று தோன்றும். ஆனால் சூடேறிய பாய் கீழே கனலும், மூச்சின் ஈரமும் வெளியேறாது. மாடு தலை தூக்கினாலும் ஒரு முழம் இடைவெளி இருக்கும்படி உயரத்தில் கட்டி, முன்னும் பின்னும் திறந்துவிடுங்கள். பாய்க்கு மேல் தென்னங்கீற்றைப் பரப்பி இறுக்கிக் கட்டுபவர்களும் உண்டு, அது நல்ல வேலை. பக்கத் தடுப்புகளில் மாட்டின் மார்பு உயரத்துக்காவது காற்றுப் புக வழி இருக்க வேண்டும். டிராக்டர் டிரெய்லரில் ஏற்றினால் இதில் இன்னும் கவனம் வேண்டும். அது மெதுவாகப் போவதால் காற்று குறைவு. பல டிரெய்லர்களில் ஸ்பிரிங் சரியாக இருப்பதில்லை, குலுக்கலில் மாடு சீக்கிரம் களைத்துவிடும்.

மூக்கணாங்கயிற்றை வண்டியில் கட்டாதீர்கள். தலைக்கயிற்றில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகக் கட்டுங்கள். மாடு தலையை இயல்பாகத் தாழ்த்தவும் உயர்த்தவும் கயிறு இடம்கொடுக்க வேண்டும். மூச்சிரைக்கும் மாடு கழுத்தை நீட்டித்தான் காற்றை இழுக்கும். தலையை இறுக்கிக் கட்டுவது அந்தக் காற்றுக்குழாயை மடிப்பது போன்றது.

வழியில் நிற்க வேண்டி வந்தால் நிழலில், காற்று வீசும் திசைக்குக் குறுக்காக வண்டியை நிறுத்துங்கள். நிழல் கிடைக்காவிட்டால் நிற்பதைவிட ஓடுவதே மேல். சாவடியில் வரிசை நீண்டிருந்தால் சான்றிதழையும் ரசீதையும் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி முன்னால் போய்ப் பேசுங்கள். உயிர் ஏற்றிய வண்டி என்று சொன்னால் வழிவிடுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு இருபது லிட்டர் கேன்களில் தண்ணீரும் ஒரு வாளியும் ஒரு சாக்கும் வண்டியில் கட்டாயம் இருக்கட்டும்.

தண்ணீர் ஊற்றுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ரோமம் முழுவதும் நனைந்து தோல்வரை இறங்கும்படி ஊற்றி, அதன்மேல் காற்றுப் பட்டால்தான் பலன். நாலு பக்கமும் மூடிய வண்டிக்குள் லேசாகத் தெளித்துவிட்டு அப்படியே நிறுத்திவைத்தால் உள்ளே புழுக்கம்தான் கூடும். ஊற்றியதும் வண்டி நகர வேண்டும், இல்லையென்றால் மாட்டை இறக்கிவிட வேண்டும்.

நாக்கைத் தொங்கவிட்டு, நுரை தள்ளி, கண் சொருகித் தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. பசுவின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 101.5 டிகிரி பாரன்ஹீட், 106ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. அந்த நிலையில் பயணத்தைத் தொடராதீர்கள். நிழலில் இறக்கி, உடல் முழுவதும் நிறுத்தாமல் தண்ணீர் ஊற்றி, விசிறிவிடுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். பதற்றத்தில் மூங்கில் குழாயாலோ பாட்டிலாலோ வாயில் தண்ணீரைப் புகட்டிவிடாதீர்கள். இரைக்கும் மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும், வெயிலில் தப்பிய மாடு மூன்றாம் நாள் நிமோனியாவில் போகும். தானாகக் குடித்தால் குடிக்கட்டும், வாளியை மூக்குக்கு நேரே பிடித்தால் போதும்.

வீடு வந்து சேர்ந்ததும் மாட்டைப் பார்க்கத் தெருவே கூடும். ஆரத்தி எடுப்பார்கள், பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள், எத்தனை லிட்டர் கறக்கும் என்று கேட்பார்கள். எல்லாம் நாளைக்கு ஆகட்டும். சரிவான மண்மேட்டில் மெதுவாக இறக்கி, மர நிழலில் மற்ற மாடுகளிடமிருந்து விலக்கித் தனியாகக் கட்டுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி வையுங்கள். வைக்கோல் மட்டும் போடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் பால் குறையும், கவலைப்பட வேண்டாம். ஒரு வாரத்துக்குக் காய்ச்சலும் இருமலும் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அலைச்சலில் எதிர்ப்புச் சக்தி குறையும் நேரத்தில்தான் தொண்டை அடைப்பான் போன்ற நோய்கள் புகுந்துகொள்ளும்.

இரவு ஒருமுறை டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். வெளிச்சத்தை முகத்தில் அடிக்காமல் தரையில் காட்டினால் போதும். விலாப் பள்ளம் நிதானமாக ஏறி இறங்க, முன்னங்கால்களை மடித்துப் படுத்து, கண்ணைப் பாதி மூடி அது அசைபோடத் தொடங்கியிருந்தால் நீங்களும் போய்த் தூங்கலாம்.